கொம்பிக்கு ஒரு வாய் சோறு

நாலைந்து வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் தாய்மார்களுக்கு வழக்கமாக வருகிற கவலைகள் மூன்று. சாப்பிட மாட்டேன் என்கிறது, தூங்க மாட்டேன் என்கிறது, அடிக்கடி சளி பிடிக்கிறது. நாலாவதாகவும் ஒரு கவலை உண்டு. அதை நாம் டாக்டரிடம் கூட வாய்விட்டுச் சொல்லத் தயங்குவோம். "குழந்தை தனக்குத்தானே பேசுகிறது. இல்லாத ஒன்றை இருக்கிறது என்கிறது. ஏதாவது கோளாறாக இருக்குமோ?" என்பதுதான் அது. எங்கள் வீட்டுக்கு அந்தக் கவலை ஒற்றைக் கொம்புள்ள ஒரு குதிரையின் ரூபத்தில் வந்து சேர்ந்தது.

எங்களுக்கு உடையார்பாளையம். திருச்சியிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், ஜெயங்கொண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஊரைச் சுற்றி முந்திரிக் காடு. தெருவுக்குள் தறிச் சத்தம். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். என் கணவரும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் துபாய்க்குப் போயிருக்கிறார். வீட்டில் நான், என் மாமியார், ஐந்து வயது மகள், மூன்று பேர்தான்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் ஜெயங்கொண்டம் கடையில் பாப்பாவுக்கு ஒரு பை வாங்கினேன். அதன் மேல் வெள்ளைக் குதிரை ஒன்று, நெற்றியில் திருகு திருகாக ஒற்றைக் கொம்பு, வானவில் கலரில் பிடரி மயிர். இப்போது பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில், கவுன் எதை எடுத்தாலும் இந்தக் குதிரைதானே! நானும் வேறு யோசனை இல்லாமல் வாங்கி வந்துவிட்டேன். ஒரு வாரத்தில் குதிரை பையை விட்டு இறங்கிக் கொல்லைக்கு வந்துவிட்டது. அதற்குப் பெயர் 'கொம்பி'. முருங்கை மரத்தடியில் படுத்துக்கொள்ளும். மழை வந்தால் அம்மிக்குப் பக்கத்தில் ஒதுங்கும். தோசை பிடிக்கும், உப்புமா பிடிக்காது. (பாப்பாவுக்கும் உப்புமா பிடிக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் துடைப்பத்தை எடுத்துக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கொல்லையை நாலு சுற்று சுற்றுவாள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பேச்சு, சிரிப்பு, அதட்டல், சமாதானம். "கொம்பி, கையைக் கழுவு. கொம்பி, ஊசி போடும்போது அழக் கூடாது." நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

என் மாமியாருக்கு அப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாப்பா மரத்தடியில் தனியே பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "உச்சி வேளையில கொல்லையில தனியா நின்னு பேசுதே, ஏதாச்சும் காத்து கருப்பு அண்டியிருக்குமோ என்னமோ! அவன் வேற ஊர்ல இல்ல. ஒரு மந்திரிச்ச கயிறாவது கட்டிப்புடலாம்மா" என்றார். பக்கத்து வீட்டு அக்கா தன் பங்குக்கு, "எல்லாம் செல்போன் பாக்கிறதால வர்றது" என்றார். ஆளுக்கு ஓர் அபிப்பிராயம்!

"அத்தை, கயிறு கட்டுறது உங்க இஷ்டம். ஆனா குழந்தை முன்னாடி 'காத்து கருப்பு'ங்கிற பேச்சு மட்டும் வேண்டாம். அவ பயந்துடுவா" என்று சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

அதற்குள் வேறு பக்கத்திலிருந்து அடி விழுந்தது. பள்ளிக்கூட டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி: 'தினமும் பொய் பேசுகிறாள், கண்டிக்கவும்.' விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. "நான் நேத்து ராத்திரி கொம்பி மேல ஏறி துபாய்க்குப் போய் எங்கப்பாவைப் பாத்துட்டு வந்தேன்" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் 'புளுகுணி, புளுகுணி' என்று கும்மாளம் போட்டிருக்கிறார்கள்.

அன்றையிலிருந்து பாப்பா கொல்லைப் பக்கம் போகவில்லை. துடைப்பம் மூலையில் கிடந்தது. "கொம்பி எங்கேடா தங்கம்?" என்று கேட்டால் பதில் இல்லை. ராத்திரி படுக்கையில் சன்னமான குரலில், "அது இனிமே வராதும்மா. அது பொய்யாம்" என்றாள். இரண்டு நாள் சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. குழந்தை தனியாகப் பேசியபோது வராத பயம், அவள் பேச்சை நிறுத்தியபோதுதான் எனக்கு வந்தது.

பஸ் பிடித்துக் குழந்தைகள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயதானவர், நிதானமானவர். குழந்தையைப் பரிசோதித்துவிட்டு என்னிடம் சில கேள்விகள் கேட்டார். ராத்திரி தூங்குகிறாளா? மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுகிறாளா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா? அந்தக் குதிரையைக் கண்டு பயப்படுகிறாளா, சந்தோஷப்படுகிறாளா? விளையாட்டு முடிந்ததும் வீட்டுக் காரியங்களுக்கு ஒழுங்காகத் திரும்பி விடுகிறாளா? எல்லாவற்றுக்கும் என் பதிலைக் கேட்டுக்கொண்டு, "அம்மா, இது வியாதி இல்லை, விளையாட்டு. இந்த வயசுக்கு இதுதான் வேலை. அந்தக் குதிரையைத் திரும்ப வரவழைக்கிற வழியைப் பாருங்க" என்றார். மருந்து எதுவும் எழுதித் தரவில்லை.

அதற்கப்புறம் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். சுவிட்சர்லாந்தில் பிறந்த ழான் பியாஜே (1896-1980) என்ற மனோதத்துவ நிபுணர் தன் சொந்தக் குழந்தைகள் மூவரின் விளையாட்டையும் பக்கத்தில் இருந்து கவனித்து எழுதியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரை, ஒரு பொருளை இன்னொன்றாகப் பாவிக்கும் விளையாட்டு குழந்தையின் வளர்ச்சியில் இயல்பான பகுதி என்பது அவர் கருத்து. ரஷ்யாவில் 37 வயதிலேயே இறந்துபோன விகோட்ஸ்கி (1896-1934) சொன்ன உதாரணம் இன்னும் எனக்குப் பிடித்தது. குழந்தை ஒரு குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுகிறதே, அந்த நேரத்தில் அது ஒரு பெரிய காரியத்தைச் செய்கிறதாம். கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஒன்று, மனசில் இருக்கிற அர்த்தம் ஒன்று என்று இரண்டையும் பிரிக்கப் பழகுகிறது. பின்னால் 'அ' என்கிற கோட்டைப் பார்த்து அம்மாவை நினைப்பதற்கும், '5' என்கிற வளைவைப் பார்த்து ஐந்து மாம்பழத்தை நினைப்பதற்கும் இது ஒரு முன்பயிற்சி. எங்கள் வீட்டுத் துடைப்பத்துக்கு இவ்வளவு மகிமையா என்று ஆச்சரியமாக இருந்தது.

இல்லாத தோழரோடு பேசுவதும் அபூர்வம் அல்ல. அமெரிக்காவில் மார்ஜோரி டெய்லர் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சி 2004-ல் வெளியாயிற்று. அவர்கள் கவனித்த குழந்தைகளில் ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு கற்பனைத் தோழர் வந்து போனவர்கள் நூற்றுக்கு 65 பேர். பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதும் இந்தக் கணக்கில் சேரும். ஆகையால் உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விபரீதம் இது என்று எண்ண வேண்டியதில்லை.

கொம்பியைத் திரும்ப அழைத்து வருவது எப்படி? எனக்குத் தெரிந்த வழி சோறுதான்! ஒரு நாள் சாயங்காலம் சின்னத் தட்டில் தயிர் சாதம் பிசைந்து முருங்கை மரத்தடியில் கொண்டு போய் வைத்தேன். "கொம்பி பாவம், ரெண்டு நாளாப் பட்டினியா இருக்குமே. ஒரு வாய் வைக்கட்டுமா?" என்றேன். பாப்பா என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதே என்கிற மாதிரி, காதோடு ரகசியமாகச் சொன்னாள்: "அம்மா, அது விளையாட்டுக் குதிரைம்மா. நிஜச் சோறு சாப்பிடாது. சும்மா வெறுங்கையால ஊட்டணும்."

சகோதரிகளே, என் மனசிலிருந்த பாரம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. குழந்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! எது நிஜம், எது விளையாட்டு என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. நான் ஏமாந்து விடுவேனோ என்று எனக்குத்தான் அவள் சொல்லிக் கொடுக்கிறாள். இருவரும் வெறுங்கையால் ஊட்டினோம். தட்டிலிருந்த தயிர் சாதத்தைப் பாப்பா தானே சாப்பிட்டாள்.

ஆனால் 'பொய்' என்று டைரியில் எழுதிய வார்த்தை இருக்கிறதே, அதை என்ன செய்வது? இதற்கு எங்கள் ஊர்ச் சுவாமியே கை கொடுத்தார். உடையார்பாளையம் சிவன் கோயிலில் சுவாமிக்குப் பயறணீஸ்வரர் என்று பெயர். அந்தப் பெயருக்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். மிளகு மூட்டை ஏற்றி வந்த வியாபாரி ஒருவன், சுங்கத்துக்குப் பயந்து 'மிளகு இல்லை, பயறு' என்று பொய் சொன்னானாம். அப்புறம் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் பயறாகவே மாறியிருந்ததாம். அலறியடித்துக்கொண்டு சுவாமியை வேண்டிய பிறகுதான் மறுபடி மிளகாயிற்று என்று கதை.

அந்த வியாபாரியையும் என் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் ஒரு லாபம் இருந்தது. பிறத்தியாரை ஏமாற்ற வேண்டும் என்ற நோக்கம் இருந்தது. கொம்பி மேல் ஏறி துபாய் போனதில் குழந்தைக்கு என்ன லாபம்? யாருக்கு நஷ்டம்? நம் பக்கத்தில் பொய்க்கால் குதிரை ஆட்டம் இல்லையா? இடுப்பில் காகிதக் குதிரையைக் கட்டிக்கொண்டு ராஜாவும் ராணியுமாக ஆடுகிறார்கள். பெயரிலேயே 'பொய்' இருக்கிறது. ஆனாலும் ஆடுகிறவரைப் பொய்யர் என்று யாராவது சொல்கிறோமா? கைதட்டிக் காசு கொடுக்கிறோம். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. குழந்தையோடு விளையாட நிலாவை வரச் சொல்லிக் கூப்பிடுகிற பருவம் அது. இன்றைக்கும் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, நிலாவுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய் என்று சோறூட்டாத தாய் உண்டா? நாம் நிலாவைக் கூப்பிடலாம், அவள் குதிரையைக் கூப்பிடக் கூடாதா?

இதை எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, சண்டை போடும் உத்தேசம் இல்லாமல், பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு ஆசிரியை சின்ன வயதுப் பெண். ஒரு அறை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர். "நான் கண்டிக்கணும்னு எழுதினது கோபத்துல இல்லைங்க. அவ சொன்னா மத்தப் பிள்ளைங்க கத்துது, வகுப்பே நடத்த முடியல" என்றார். அதுவும் நியாயம்தானே! கடைசியில் இருவருமாக ஒரு முடிவுக்கு வந்தோம். அவள் ஏதாவது சொல்ல வந்தால், "இது நடந்ததா, கதையா?" என்று சிரித்த முகமாகக் கேட்பது. கதை என்றால், வெள்ளிக்கிழமை கடைசி மணியில் சொல்லட்டும். அந்த வாரமே மூன்று பிள்ளைகள் கதை சொல்லக் கை தூக்கினார்களாம். ஒரு பையனிடம் பறக்கிற டிராக்டர் இருக்கிறதாம்!

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வியாபாரி சொன்ன மாதிரிப் பொய்யும் எங்கள் வீட்டில் ஒரு நாள் வந்தது. கண்ணாடி டம்ளர் உடைந்து கிடந்தது. "நான் இல்லம்மா, கொம்பி" என்றாள். இது வேறு சமாசாரம், பழியிலிருந்து தப்பிக்கிற வழி. நான் அதட்டவில்லை; ஒப்புக்கொள்ளவும் இல்லை. "கொம்பி விளையாட்டுக் குதிரை. டம்ளர் நிஜ டம்ளர். நிஜ டம்ளரை நிஜக் கைதானே உடைக்கும்? பரவாயில்லை, கண்ணாடியை நான் பொறுக்கறேன், நீ துணி எடுத்துட்டு வா" என்றேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துணி எடுத்து வந்தாள். 'திட்டு விழாது' என்று தெரிந்துவிட்டால் உண்மையைச் சொல்வதில் குழந்தைக்கும் சிரமம் இல்லை.

கொம்பி திரும்பி வந்த பிறகு, கொல்லையில் என்ன பேசுகிறாள் என்பதைக் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு நாள் கேட்டதை மறக்க முடியாது. பாப்பா மரத்தடியில் உட்கார்ந்து, இல்லாத குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு சொல்கிறாள்: "அழாதே கொம்பி. உங்கப்பா நீ சேட்டை பண்ணினதால போகல. வேலைக்குத்தான் போயிருக்காங்க. ஆனா ரொம்ப நாளானா வீட்டுக்கு வர்ற வழி மறந்து போயிடுமா?"

எனக்குக் கையிலிருந்த பாத்திரம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருஷமாக இந்தப் பிஞ்சு மனசுக்குள் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது! அப்பா போனது தன்னால்தானோ, திரும்பி வரத் தெரியுமோ தெரியாதோ என்று. என்னிடம் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. 'அப்பா எப்ப வருவாங்க?' என்று கூட அவ்வளவாகக் கேட்டதில்லை. அதனாலேயே 'சமத்து, புரிந்துகொண்டது' என்று எல்லோரும் மெச்சினார்கள். கேட்க முடியாததைக் கொம்பியின் வாயில் வைத்துக் கேட்டிருக்கிறாள். வகுப்பில் சொன்ன துபாய்ப் பயணத்தின் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது. அப்பாவுக்கு வழி மறந்துவிட்டால், வழி தெரிந்த குதிரை ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா?

அன்றைக்கு ராத்திரி அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் வீடியோவில் பேசும்போது, 'சாப்பிட்டியா, படிச்சியா' என்று வழக்கமாகக் கேட்பதை விட்டுவிட்டு, "கொம்பி எப்படி இருக்கு? அதுகிட்ட ஒரு சேதி சொல்லணுமே" என்றார். பாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் கையில் ஒரு தாள். அதில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். "இது நான் தங்கியிருக்கிற ரூம். இது ஏரோப்ளேன். இது திருச்சி. இங்கே பஸ் ஏறினா கீழப்பழுவூர் வரும், அப்புறம் உடையார்பாளையம். பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தா நம்ம தெரு. அப்பாவுக்கு வழி நல்லாத் தெரியும்னு கொம்பிகிட்ட சொல்லிடு." அதைப் பார்த்து நானும் ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டினேன். பக்கத்திலேயே மாதக் காலண்டர். ஒவ்வொரு மாதம் முடிந்ததும் ஒரு கொம்புப் படம் போட்டுக் கணக்கு வைக்கிறோம். இரண்டு வருஷம் என்றால் என்ன என்று ஐந்து வயதுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, எண்ணிக் காட்டலாம்.

என் மாமியார் மாறியதும் ஒரு வேடிக்கைதான். பாப்பா அவரிடம், "அப்பாயி, உங்க காலத்துல கொம்பு வெச்ச குதிரை இருந்துச்சா?" என்று கேட்டாள். "குதிரைக்கு ஏதுடி கொம்பு" என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் யோசித்து, "கொம்பு வெச்ச மீன் இருந்துச்சு" என்றார். பிரளய காலத்தில் பெருமாள் மச்சாவதாரம் எடுத்து வந்தபோது, அந்த மீனின் கொம்பில் ஓடத்தைக் கட்டி இழுத்துப் போன கதை வந்தது. அடுத்த நாள் தசரத மகாராஜாவுக்குப் புத்திர பாக்கியம் கிடைக்க யாகம் செய்து வைத்த ருசியசிருங்கர் கதை. தலையில் மான் கொம்போடு பிறந்தவர். கம்பர் அவரைக் கலைக்கோட்டு முனிவர் என்கிறார். கலை என்றால் மான், கோடு என்றால் கொம்பு. ஊர் எல்லை அய்யனாருக்குப் பிரார்த்தனை செய்துகொண்டு மண்குதிரை செய்து வைப்பார்களே, ராத்திரியில் அதில் ஏறித்தான் அய்யனார் காவல் சுற்றுகிறார் என்று சின்ன வயதில் தன் பாட்டி சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மந்திரிச்ச கயிற்றுப் பேச்சு அதோடு நின்றது. இப்போது இருட்டினால் கொம்பிக்கும் சேர்த்துக் கதை சொல்வது அவர்தான்.

நானும் என் பங்குக்குக் கொஞ்சம் சேகரித்துச் சொன்னேன். இந்த ஒற்றைக் கொம்புப் பிராணி வெள்ளைக்காரர்களின் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். விசாரித்தால் கதை வேறு. கிட்டத்தட்ட 2400 வருஷங்களுக்கு முன் பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த டெசியஸ் என்ற கிரேக்கர், இந்தியாவில் நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள காட்டுக் கழுதைகள் உண்டு என்று எழுதி வைத்தார். அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான். காண்டாமிருகத்தைப் பற்றிய செய்தி காது மாறி, கை மாறி அப்படி ஆகியிருக்கலாம். அதற்கும் முந்தி, 4000 வருஷங்களுக்கு முந்தைய மொகஞ்சதாரோ, ஹரப்பா முத்திரைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது ஒற்றைக் கொம்புள்ள ஒரு மிருகம்தான். உடம்பு காளை மாதிரி இருக்கும். ஆக, பையில் ஏறி வந்த குதிரைக்கு நம் பக்கத்திலும் பூர்வீகம் உண்டு!

ஒரு விடுமுறையன்று மூன்று பேருமாகக் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். எங்களுக்குப் பக்கம்தான். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. அங்கே கோயில் வளாகத்தில் ஒரு கிணறு இருக்கிறது. அதற்குப் போகிற வழி ஒரு பெரிய சிங்கத்தின் உருவம். உட்கார்ந்திருக்கிற சிங்கத்தின் உடலுக்குள் வாசல் வைத்து, படிகள் இறங்குகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். பாப்பா வாய் பிளந்து நின்றாள். "பெரியவங்களும் இந்த மாதிரி விளையாடுவாங்களாம்மா?" என்றாள். "ஆமாண்டா தங்கம், கல்லும் சுண்ணாம்பும் வெச்சு விளையாடியிருக்காங்க" என்றேன்.

இதை எழுதுவதன் நோக்கம் என் மகளின் சாமர்த்தியத்தைப் பறைசாற்றுவது அல்ல. இந்த மாதிரி விளையாட்டுக்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது. பொம்மைக் கடைக்கே போக வேண்டாம். ஒரு துடைப்பம், பழைய புடவை, கொட்டாங்கச்சி, நாலு செப்புச் சாமான் போதும். தேவைப்படுவது யாரும் குறுக்கிடாத ஒரு அரை மணி, முக்கால் மணி நேரம். அதைத்தான் நாம் கொடுக்க மறுக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன், அது முடிந்தால் செல்போன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன யோசனைப்படி, இரண்டு வயது முடியாத குழந்தைக்குத் திரை பார்க்கிற வழக்கமே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயதுக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. விளையாட்டு என்பது குழந்தைக்கு நாம் போடுகிற பிச்சையும் அல்ல. ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு அதை உரிமை என்றே சொல்கிறது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு கொம்பி வந்து சேர்ந்தால், நான் கண்ட அனுபவத்தில் சில யோசனைகள். கூப்பிட்டால் மட்டும் விளையாட்டில் சேருங்கள். நாமாகப் போய்க் கதையை நடத்தக் கூடாது. அது அவர்களுடைய ராஜ்யம். 'பொய், புளுகு' என்ற வார்த்தைகளை விட்டுவிட்டு, 'நடந்ததா, கதையா?' என்று கேளுங்கள். விருந்தாளிகள் முன்னால் 'உன் குதிரை எங்கே, காட்டு' என்று வேடிக்கை காட்டச் சொல்லாதீர்கள். 'சாப்பிடாவிட்டால் கொம்பி ஓடிப்போய்விடும்' என்று அதை வைத்தே மிரட்டாதீர்கள். காரியம் செய்துகொண்டே காதை மட்டும் அந்தப் பக்கம் வையுங்கள். கேட்டதைக் குழந்தையிடம் சொல்லிக் காட்டாமல், அதற்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள்.

சில சமயம் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். கற்பனைத் தோழரைக் கண்டு குழந்தையே நடுங்குகிறது, தூக்கம் கெடுகிறது, 'அது என்னை அடிக்கச் சொல்கிறது' என்கிறது, மற்றக் குழந்தைகளை அடியோடு ஒதுக்குகிறது, முன்பு பேசிய பேச்சு குறைந்து போகிறது என்றால் தாமதிக்கக் கூடாது. அதே போல இரண்டு வயதைத் தாண்டியும் பொம்மைக்குச் சோறூட்டுவது மாதிரியான பாவனை விளையாட்டே இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாலும் குழந்தைகள் டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் கவனித்தால் எத்தனையோ உதவி செய்யலாம்.

இப்போதெல்லாம் கொம்பி தினமும் வருவதில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கதையில் தலை காட்டுகிறது, மழை பெய்தால் அம்மிப் பக்கம் ஒதுங்குகிறது, அவ்வளவுதான். பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு நொண்டி ஆடவே பாப்பாவுக்குப் பொழுது சரியாக இருக்கிறது. போன வாரம் நானே கேட்டேன், "கொம்பி எங்கேடா, காணோம்?" என்று. சுவரில் ஒட்டிய தாளைக் காட்டி, "அது துபாய்ல இருக்கும்மா. அப்பா கிளம்பறப்ப கூடவே வரும்" என்றாள். காலண்டரில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது.